முறிகண்டித் தேங்காயும் மைனஸ் பத்தும்

நாள் 1, கிளிநொச்சி

பொங்கல் முடிந்த கிழமை. வாடைக்காற்று இன்னும் விடவில்லை. விடியப்புறம் போர்வை தேடுகிறது, பத்து மணிக்கு வெயில் முதுகில் ஏறுகிறது. இங்கிருந்து வான் வண்டியில் கட்டுநாயக்க விமான நிலையம், பிறகு வளைகுடா, அங்கிருந்து ரொறன்ரோ. இந்த வழியில் புறப்படுகிறவர் என்ன உடுத்துவது என்பதுதான் இந்த எட்டு நாள் குறிப்பு. அவர் இரண்டு நாளுக்குள் நாலு விதக் குளிர் சூட்டைக் கடக்கிறார்: வன்னியின் 30 பாகை, விமானத்துக்குள் 22 முதல் 24, இடைத்தங்கல் நிலையத்தின் ஏசிக் குளிர், கடைசியில் பூச்சியத்துக்குக் கீழே. தை மாதத்து ரொறன்ரோவின் சராசரி ஏறத்தாழ மைனஸ் 5. இரவில் மைனஸ் 10க்குக் கீழே இறங்கினால் அங்கே யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

எங்கள் பக்கத்தில் ஆளை வழியனுப்ப வான் நிறைய ஆட்கள் போவார்கள், எயார்போர்ட் வாசலில் படம் எடுப்பார்கள். அதனால் உடுப்பு தெரிவாவது அந்தப் படத்துக்காக. மடிப்புக் கலையாத புதுச் சேட், இறுக்கமான ஜீன்ஸ், பெட்டியில் இருந்து அன்றைக்குத்தான் எடுத்த சப்பாத்து. படம் எடுக்க ஐந்து நிமிஷம், கதிரையில் இருப்பது இருபது மணித்தியாலம். வான், காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் முப்பது. முதல் விதி இதுதான்: புது உடுப்போடு பிளேன் ஏறக்கூடாது. இரண்டு தரமாவது தோய்த்து, ஒரு முழுநாளாவது உடுத்திப் பார்த்ததுதான் பயண உடுப்பு.

துணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், பிழை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

கடையில் 'கொட்டன்' என்று சொல்லித் தருவதில் பாதிக்கு மேல் கலப்பு. கலப்பு கெட்டதல்ல, ஆனால் என்ன கலப்பு என்று தெரிய வேண்டும். உள்தையலில் மிஞ்சி நிற்கிற நூலில் நாலைந்தை இழுத்து, கிண்ணத்துக்கு மேலே பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கடதாசி எரியும் மணமும் பொடிச் சாம்பலும் வந்தால் பருத்தி, லினன் அல்லது விஸ்கோஸ். உருகிச் சுருண்டு, ஆறியபின் கறுப்பு மணியாக இறுகினால் பொலியெஸ்ரர் அல்லது நைலோன். தலைமயிர் கருகிய மணம் வந்தால் கம்பளி அல்லது பட்டு. இரண்டும் கலந்து வந்தால் கலப்புத் துணி. விமானத்தில் போகிறவருக்கு இந்தச் சோதனையில் இன்னொரு பாடமும் உண்டு. தீ விபத்து என்று ஒன்று வந்தால் உருகுகிற துணி தோலோடு ஒட்டும். அதனால் உடம்போடு படுகிற முதல் உடுப்பு பருத்தியாகவோ கம்பளியாகவோ இருப்பது நல்லது. மெல்லிய நைலோன் ஸ்ரொக்கிங் நல்லதல்ல.

கசங்குமா என்று பார்க்க, துணியின் மூலையைக் கைக்குள் இறுக்கிப் பத்து வினாடி வைத்து விடுங்கள். கோடு கோடாக நின்றால் லினன் அல்லது தனிப் பருத்தி, கதிரையை விட்டு எழும்பும்போது பின்பக்கம் அப்படியேதான் இருக்கும். லினன் வன்னி வெயிலுக்கு இதமான துணி, பயணத்துக்கு உதவாது. பருத்தியோடு 2 முதல் 5 சதவீதம் இலாஸ்ரேன் என்கிற இழுபடும் நூல் சேர்ந்த பின்னல் துணி கசங்கவும் மாட்டாது, முழங்காலிலும் இழுக்காது. விஸ்கோஸ் பஞ்சாபித் துணிகளில் நிறைய வருகிறது. வழுவழு என்று விழும், படத்துக்கு வடிவு. ஆனால் நனைந்தால் அதன் பலம் ஏறத்தாழ பாதியாகிவிடும். கழிவறையின் கைகழுவும் தொட்டியில் அவசரத்துக்கு அலசிப் பிழிந்தால் தையலோரம் கிழியும், சுருங்கவும் செய்யும்.

சாயம் போகுமா என்பதற்கு, நனைத்த வெள்ளைத் துணியால் உள்பக்கத்தைப் பத்துத் தரம் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அது வியர்வையிலும் ஏறும். கருநீல ஜீன்ஸ் தொடையை நீலமாக்குவது இப்படித்தான். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். கடையில் வாங்கிய துணிக்கு அது சரிவராது. மூன்று நாலு தரம் தோய்த்து, போகிற சாயத்தைப் போகவிடுவதுதான் வழி.

தோய்க்கும்போது தண்ணீரையும் கவனிக்க வேண்டும். வன்னியின் பல கிணறுகளில் தண்ணீர் கடினம். சவர்க்காரம் நுரைக்காது, அலசிய பிறகும் வெண்படலம் நின்றுவிடும், காய்ந்த உடுப்பு தடித்து விறைக்கும். அந்த விறைப்புத்தான் நீண்ட பயணத்தில் கழுத்தையும் அக்குளையும் உராய்ஞ்சு சிவக்க வைக்கிறது. கடைசி அலசலில் ஒரு வாளித் தண்ணீருக்கு அரைக் கோப்பை வினாகிரி விட்டால் படலம் கரையும். மணம் காய்ந்ததும் போய்விடும்.

நிறம்: கிரவல் ரோட்டுத் தூசி வெள்ளையிலும் தெரியும், கறுப்பிலும் தெரியும். கடும் சாம்பல், கடும் பழுப்பு, அரக்கு, அல்லது சின்னப் பூப்போட்ட கருநீலம் தேத்தண்ணீரையும் மறைக்கும், தூசியையும் மறைக்கும். மேலுக்கு இரண்டு நிறம், கீழுக்கு ஒன்று என்று வைத்தால் எதோடு எதைப் போட்டாலும் பொருந்தும். வடிவு என்பது பெரும்பாலும் அவ்வளவுதான்.

நாள் 2, கிளிநொச்சி, தையல்கடை

கடையில் வாங்கிய ஆயத்த உடுப்பு நின்று பார்க்கிற ஆளுக்குத் தைத்தது. பயணிக்குத் தேவை இருந்து பார்க்கிற அளவு. தையல்கடையில் சொல்ல வேண்டிய முதல் வசனம்: "அண்ணை, இருத்திப்போட்டு அளவெடுங்கோ." இருந்தால் இடுப்புச் சுற்றளவு கூடும். அதற்கு மேல், விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் உள்ளதைவிடக் குறைவு, 6000 முதல் 8000 அடி மலையில் நிற்பதுபோல. 8000 அடி அளவில் வயிற்றுக்குள் இருக்கிற வாயு மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். தரையில் சரியாக இருந்த இடுப்பு மேலே போனதும் இறுக்குவது இதனால். ஒன்றரை அங்குலம் தளர்வு விடச் சொல்லுங்கள், அல்லது பின்பக்கம் மட்டும் ஒன்றேகால் அங்குல அகல இலாஸ்ரிக் வைத்து, முன்பக்கத்தைத் தட்டையாக விடச் சொல்லுங்கள். முன்னால் பார்த்தால் காற்சட்டை மாதிரியே இருக்கும், இலாஸ்ரிக் தெரியாது. ஒல்லி இலாஸ்ரிக் கயிறு மாதிரி வெட்டும். நாடா முடிச்சு சீற் பெல்ற்றுக்கு அடியில் மாட்டுப்பட்டு உறுத்தும்.

பின்பக்க உயரம் முன்பக்கத்தைவிட இரண்டு அங்குலமாவது கூட இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குனிந்து பையை எடுக்கும்போது காற்சட்டை கீழே இறங்கும். மேற்சட்டைக்கு ஒரு சோதனை: இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, பெட்டி வைக்கிற பாவனையில் நில்லுங்கள். இடை தெரிந்தால் நீளம் போதாது. கக்கத்தில் இழுத்தால் கைத்துளை சிறிது. கால் மடிப்பு, சப்பாத்துப் போட்டு நிற்கும்போது நிலத்தில் இருந்து ஒரு அங்குலம் மேலே நிற்கட்டும். பத்தாவது மணித்தியாலத்தில் விமானக் கழிவறைத் தரை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் ஒன்றரை அங்குலம் என்பார்கள்.

பொக்கற் விஷயத்தில் தையல்காரரோடு சண்டை பிடித்தாலும் பரவாயில்லை. கடவுச்சீட்டு 125க்கு 88 மில்லிமீற்றர், உலகம் முழுக்க ஒரே அளவு. அதற்கு உள்பொக்கற் 17 சென்ரிமீற்றர் ஆழம், 12 சென்ரிமீற்றர் அகலம், மேலே சிப். இடம், சேட்டின் உள்ளே இடது நெஞ்சுப் பக்கம், அல்லது பஞ்சாபியின் பக்கத் தையலில் இடுப்புக்குக் கீழே நாலு அங்குலத்தில். பின்பொக்கற்றில் வைத்தால் இருந்து இருந்து வளையும், மின்னணுச் சிப் வைத்த கடவுச்சீட்டு என்றால் அதற்கும் கேடு. பொக்கற் துணி வழுக்குகிற ஜாதியாக இருந்தால் தாள்கள் மேலே எழும்பி வரும், பழைய சேட்டுத் துணியே நல்லது.

தெறி, சிப், கொளுக்கி எல்லாவற்றிலும் உலோகம் குறையட்டும். சோதனை வாசலில் சத்தம் போடுவது பெரும்பாலும் பெல்ற், தடித்த காப்பு, உலோகத் தகடு வைத்த சப்பாத்து. உடம்பை முழுதாகப் பார்க்கிற ஸ்கானர் உள்ள இடத்தில் இன்னொன்று சேரும்: மணி வேலை, தடித்த சரிகை, அடுக்கு மடிப்பு. அந்த இடத்தைத் திரை குறித்துக் காட்டும், கையால் தடவிப் பார்ப்பார்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் தனியறையில் பெண் அலுவலரைக் கொண்டு சோதிக்கும்படி கேட்கலாம்.

பச்சைப் புள்ளிபோட்ட ராணுவ மாதிரி உடுப்பு வேண்டாம். பார்படோஸ், ஜமேக்கா போன்ற நாடுகளில் பொதுசனம் அதை உடுத்துவதே சட்டப்படி குற்றம். வன்னியில் இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

நாள் 3, வவுனியா, சப்பாத்துக் கடைகள்

பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போய் வாங்குங்கள். பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், விமானத்திலும் அப்படித்தான் வீங்கும். பெருவிரல் நுனிக்கு முன்னால் ஒரு சென்ரிமீற்றர் இடம் வேண்டும். போடப்போகிற மேஸையே (காலுறை) கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்க வேண்டும். கயிறு கட்டுகிற சப்பாத்து, தளர்த்தவும் இறுக்கவும் முடிவதால், செருகிப் போடுகிறதைவிட மேல். ஆண்களின் பிரித்தானிய அளவு 8 கனடாவில் ஏறத்தாழ 9 என்று எழுதியிருக்கும். அங்கே உள்ள உறவினரிடம் பூட்ஸ் வாங்கி வைக்கச் சொல்லும்போது, குழம்பாமல் பாதத்தின் நீளத்தை மில்லிமீற்றரில் அனுப்புங்கள்.

அலுமாரியில் நாலைந்து வருஷம் பத்திரமாக வைத்த விளையாட்டுச் சப்பாத்தை நம்பாதீர்கள். அதன் இடைத்தட்டு பொலியூரித்தேன் என்கிற நுரைப் பிளாஸ்ரிக் என்றால், போடாமல் இருந்தாலும் ஈரக்காற்றில் உள்ளுக்குள் உக்கும். வெளியே பளபளவென்று இருக்கும், எயார்போர்ட் தரையில் அரைக் கிலோமீற்றர் நடந்ததும் அடி பிய்ந்து தனியே வரும். பெருவிரலால் பக்கவாட்டில் அழுத்துங்கள். பொடியாக உதிர்ந்தாலோ பள்ளம் திரும்பி எழாவிட்டாலோ போடாதீர்கள்.

உயர்குதி வேண்டாம். அவசரச் சறுக்குப் பாதையில் இறங்கும்போது குதிச் சப்பாத்தைக் கழற்றச் சொல்வார்கள், இறங்கிய பிறகு வெறும் காலோடுதான் ஓட வேண்டும். றப்பர் சிலிப்பரும் அதே காரணத்துக்காக வேண்டாம். பெட்டிக்குள் இருக்கட்டும்.

வயலுக்குப் போன சப்பாத்து என்றால், கனடாவுக்குள் மண் கொண்டுபோகத் தடை. அடித்தட்டின் இடுக்கில் இறுகிய இரணைமடுச் சேறும் மண்தான். பழைய பல்துலக்கியால் சுரண்டிக் கழுவி, இரண்டு நாள் காயவைத்துத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். ஈரமாக மூடினால் பூஞ்சணம்.

குளிர் ஜக்கெற்றை இங்கே தேடி அலையாதீர்கள். கிடைப்பவை மழைக்கும் மலைநாட்டுக்கும் போதும், மைனஸ் பத்துக்குப் போதாது. பாரமும் கூட. கூட்டிப்போக வருகிறவர் ஒரு ஜக்கெற், தொப்பி, கையுறை, பூட்ஸ் காரில் கொண்டுவருவதே நடைமுறை. இங்கிருந்து போக வேண்டியது அதற்கு உள்ளே போடுகிறவை.

நாள் 4, புதுக்குடியிருப்பு

பேரப்பிள்ளை பார்க்கப் போகிற அம்மம்மாமாருக்கு இந்தப் பகுதி. "எனக்கு இந்த வயசில பஞ்சாபி ஏன் பிள்ளை" என்று சொல்கிறவரை வற்புறுத்தாதீர்கள், சீலையோடும் வசதியாகப் போகலாம். பட்டு வேண்டாம், நைலெக்ஸ் வேண்டாம். இரண்டு தரம் தோய்த்து மெதுவான நூல் சீலை. உள்பாவாடை பருத்தி. நைலோன் பாவாடை விமானத்தின் வறண்ட காற்றில் மின்னேறிக் காலோடு ஒட்டும். அங்கே ஈரப்பதன் 10 முதல் 20 சதவீதம்தான். பாவாடை நாடா மெல்லிசாக இருந்தால் 20 மணித்தியாலத்தில் இடுப்பில் புண் போலத் தடம் விழும். இரண்டு அங்குல அகலப் பட்டி வைத்துத் தைத்து, வழமையைவிட ஒரு விரல் கீழே கட்டுங்கள். கொய்யகம் ஐந்து போதும், விளிம்பு கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். ஊசி தோளில் ஒன்று, கொய்யகத்தில் ஒன்று. இடுப்பில் குத்திய ஊசி சீற் பெல்ற் அழுத்தத்தில் திறந்துவிடும்.

நகரும் படியில் சீலை மாட்டுவது உண்மையான ஆபத்து. லிப்ட் உள்ள இடத்தில் லிப்ட். வேறு வழியில்லை என்றால் கொய்யகத்தை இடக்கையால் தூக்கிப் பிடித்து, விளிம்பில் இருந்து தள்ளி நடுவில் நிற்க வேண்டும். சக்கர நாற்காலி கேட்டிருந்தால், தலைப்பை மடியில் சுருட்டி வையுங்கள், சில்லுக்குள் போகும். கம்பளிச் சால்வையை விட முன்பக்கம் திறக்கிற கார்டிகன் நல்லது. நழுவாது, ஊசி தேவையில்லை.

நாலு மணித்தியாலத்துக்கு மேலான பயணத்தில் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடும். முழங்காலுக்குக் கீழே வரை வருகிற அழுத்த மேஸ் பார்மசிகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அளவு சப்பாத்து நம்பரைப் பார்த்து அல்ல. காலையில் எழும்பியவுடன் கணுக்காலின் ஒல்லியான இடத்தையும் கெண்டைக்காலின் தடித்த இடத்தையும் நாடாவால் அளந்து வாங்க வேண்டும். போடுவதும் காலையிலேயே, வீக்கம் வருமுன். மேல் விளிம்பைச் சுருட்டி விடாதீர்கள், சுருண்ட இடம் கயிறு கட்டியதுபோல் இரத்தத்தைத் தடுக்கும். சலரோகக்காரர், காலில் புண் உள்ளவர், கால் நாடிகளில் அடைப்பு உள்ளவர் வைத்தியரிடம் கேளாமல் போடவே கூடாது.

நாள் 5, பெட்டி கட்டும் நாள்

கைப்பொதி பல நிறுவனங்களில் 7 கிலோ. அதற்குள் ஒரு முழு மாற்றுடுப்பு, உள்ளாடை இரண்டு சோடி, மேஸ் இரண்டு சோடி, சின்னத் துவாய் ஒன்று, ஈர உடுப்புக்கு இறுக்கி மூடுகிற பிளாஸ்ரிக் பை ஒன்று. பெரிய பெட்டி ஒருநாள் பிந்தி வந்தால் கைகொடுப்பது இதுதான். குளிர் உள்ளுடுப்பும் மெல்லிய தொப்பியும் கையுறையும் இதற்குள்தான், பெரிய பெட்டிக்குள் அல்ல. தேங்காய் எண்ணெய்ப் போத்தலும் திரவம்தான்: 100 மில்லிலீற்றருக்கு மேல் கைப்பொதியில் விடமாட்டார்கள்.

பாரமானதை உடுத்திக்கொள்ளுங்கள், இலேசானதைப் பெட்டியில் வையுங்கள். ஜீன்ஸ் ஒன்று 600 முதல் 800 கிராம், பிளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கைத் துணி) மேற்சட்டை 300 முதல் 450, ரீசேட் 150 முதல் 200. ஆனால் இந்தக் கணக்குக்காக ஜீன்ஸ் உடுத்தி 14 மணித்தியாலம் இருக்க வேண்டும் என்றால், அந்த 700 கிராமைப் பெட்டிக்கே கொடுத்துவிடலாம்.

இனி மிளகாய்த்தூள். வறுத்து இடித்த தூளும் கருவாடும் ஒடியல் மாவும் இல்லாமல் வன்னியில் இருந்து ஒரு பெட்டி போனதாகச் சரித்திரம் இல்லை. பிழை எங்கே வருகிறது என்றால், உடையாமல் இருக்கட்டும் என்று தூள்ப் பையை உடுப்பாலேயே சுற்றுவது. பெட்டி எறிபடும், பை மூலையில் பிரியும். சூடாக்கி ஒட்டிய பைக்கு மேலே இன்னொரு பை, அதற்கு மேலே மூடியுள்ள பிளாஸ்ரிக் டப்பா. உடுப்பு மறுபக்கத்தில் தனிப் பையில். கருவாட்டு மணத்தைக் கம்பளி நன்றாக இழுக்கும். பிளீஸும் சளைத்ததல்ல. தூள் கொட்டிவிட்டால் நனைக்காதீர்கள்: காய்ந்தபடியே உதறி, ஒட்டும் ரேப்பால் ஒற்றி எடுத்து, பிறகுதான் தண்ணீர். மஞ்சள் கறை சவர்க்காரத்துக்குப் போகாது, இரண்டு நாள் வெயிலில் போட்டால் தானாக வெளிறும். உணவு எதுவானாலும் கனடாவில் இறங்கும்போது அறிவிக்க வேண்டும், ஒளித்தால் தண்டம்.

நாள் 6, ஏ-9

கிளிநொச்சியில் இருந்து வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம் வழியாகக் கட்டுநாயக்க ஏறத்தாழ 300 கிலோமீற்றர். எப்படி ஓடினாலும் ஆறு மணித்தியாலத்துக்குக் கிட்ட. வானுக்குள் பயண உடுப்போடு ஏறாமல், பழைய ரீசேட்டும் தளர்ந்த காற்சட்டையும் போட்டு ஏறுவதுதான் புத்தி.

ஏனென்றால் முறிகண்டி. பிள்ளையாருக்குத் தேங்காய் அடிக்காமல் அந்த இடத்தைக் கடக்கிற வாகனம் குறைவு. தெறிக்கிற இளநீர் அந்த நேரம் தண்ணீர் மாதிரித்தான் இருக்கும், காய்ந்த பிறகு பழுப்புக் கறையாக நிற்கும். உடனே பச்சைத் தண்ணீரில் அலசினால் போகும், விட்டால் போகாது. சந்தனமும் குங்குமமும் சேட்டுக் கழுத்துக்கு இறங்கும். கச்சான் கோது பிளீஸில் பட்டால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். கச்சானைச் சாப்பிடுங்கள், பிளீஸைப் பையில் வையுங்கள்.

எயார்போர்ட்டில் பெட்டியைக் கொடுப்பதற்கு முன்னால் உடுப்பு மாற்றுங்கள். வானில் போட்ட வியர்வை உடுப்பைப் பிளாஸ்ரிக் பையில் இட்டு வழியனுப்ப வந்தவரிடமே கொடுத்துவிடலாம். பட்டுச்சீலையில் படம் எடுக்கத்தான் வேண்டும் என்றாலும் இதுவே வழி: படம், பிறகு உடுப்பு மாற்றம், சீலை பெரிய பெட்டிக்குள், அதற்குப் பிறகு கவுண்டர். வரிசை மாறினால் சீலை கைப்பொதியில் ஒரு கிலோ.

நாள் 7, வானத்தில்

கொழும்பில் இருந்து வளைகுடாவுக்கு ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம், அங்கிருந்து ரொறன்ரோவுக்கு ஏறத்தாழ பதினாலு. உடம்பில் இருக்க வேண்டியது: பருத்திப் பெனியன் அல்லது ரீசேட், அதற்கு மேலே முழுக்கைச் சட்டை, மேலே சிப் வைத்த பிளீஸ் அல்லது கார்டிகன். தலைவழி இழுத்துப் போடுகிற ஸ்வெற்றர் வேண்டாம், பக்கத்து ஆளின் முகத்தில் முழங்கை படும். ஏறும்போது சூடு, பறக்கத் தொடங்கி ஒரு மணித்தியாலத்தில் குளிர், விளக்கணைத்த பிறகு இன்னும் குளிர். சிப்பை ஏற்றி இறக்கிச் சமாளிக்கலாம். யன்னலோரம் இருப்பவருக்கும் வெளிக்கதவுக்குக் கிட்ட இருப்பவருக்கும் பொதுவாகக் குளிர் கூட. சீற் பெல்ற்றைப் போர்வைக்கு மேலே கட்டுங்கள், நித்திரையில் எழுப்பிப் பார்க்க மாட்டார்கள்.

சப்பாத்தைக் கழற்றுவதைவிடக் கயிற்றைத் தளர்த்துவது மேல். முற்றாகக் கழற்றினால் வீங்கிய கால் இறங்கும் நேரம் உள்ளே போகாது. மேஸோடு கழிவறைக்குப் போகாதீர்கள், தரையில் இருப்பது தண்ணீர் மட்டும் அல்ல.

இடைத்தங்கலில் சொல்ல அதிகம் இல்லை. ஏசி குளிரும், உலோகக் கதிரை இன்னும் குளிரும், சால்வையை மடித்து அடியில் போடுங்கள். மேஸ் மாற்றுங்கள்.

குளிர் உள்ளுடுப்பை எப்போது போடுவது என்பதில்தான் முதல்தரம் போகிற பலர் தடுமாறுகிறார்கள். கட்டுநாயக்கவிலேயே போட்டு வருகிறார்கள். 23 பாகையில் வியர்த்து அது நனையும், வெளியே வந்ததும் நனைந்த துணி உடம்புச் சூட்டை உறிஞ்சும், போடாதவரைவிட அதிகம் நடுங்குவார். இறங்குவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்னால், காலைச் சாப்பாடு வருமுன், கழிவறையில் மாற்றுங்கள். கடைசி அரை மணித்தியாலத்தில் எழும்ப விடமாட்டார்கள். உள்ளே போடுவது மெல்லிய மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழைத் தேர்மல். நாள் 1இல் சொன்ன பருத்திக்கு இங்கே வேலை முடிந்தது, அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

நாள் 8, ரொறன்ரோ

கட்டடத்தை விட்டு வெளியே வருமுன் ஜக்கெற், தொப்பி, கையுறை மூன்றும் உடம்பில் இருக்க வேண்டும், கையில் அல்ல. கார் தரிப்பிடம் ஐந்து நிமிஷ நடை என்றாலும் காது முதலில் வலிக்கும். காற்றோடு சேர்த்து மைனஸ் 28க்குக் கீழே போகிற நாட்களில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிஷத்தில் உறையக்கூடும். இரண்டு தடித்த மேஸை ஒரு சப்பாத்துக்குள் திணித்தால் கால் இன்னும் குளிரும். விரலைச் சுற்றிக் காற்று நிற்க இடம் இல்லாமல் போவதால். ஒரு கம்பளி மேஸ், விரல் அசைய இடம். குழந்தைகளுக்கு விரல் பிரிந்த கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாகச் சேர்ந்தது சூடு பிடிக்கும். குழந்தையைக் கார் இருக்கையில் கட்டும்போது தடித்த ஜக்கெற்றைக் கழற்றிவிட வேண்டும். அதன் பஞ்சு மோதலில் அமுங்கி, பட்டி தளர்ந்துவிடும். பட்டியை இறுக்கிக் கட்டிய பிறகு ஜக்கெற்றை மேலே போர்த்துங்கள்.

நடைபாதையில் ஐஸ் கரைய உப்புப் போட்டிருப்பார்கள். தோல் சப்பாத்தில் அது வெள்ளைக் கோடாகக் காயும். தண்ணீரும் வினாகிரியும் சம அளவு கலந்து துணியால் துடைத்து, கடதாசி திணித்து நிழலில் காயவிட வேண்டும். ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தால் தோல் வெடிக்கும். நைலோன் நைட்டி போட்டுக் கம்பளத்தில் நடந்து கதவுப் பிடியைத் தொட்டால் பொறி பறக்கும், வறண்ட காற்றின் வேலை.

வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் அங்கேயும் வீட்டுக்குள் போகிறார்கள். உள்ளே 21 பாகை. கிளிநொச்சியில் இருந்து பெட்டியின் அடியில் மடித்து வந்த சாறத்துக்கு வேலை இப்போதுதான் தொடங்குகிறது.